ஒரு நாள், எட்டு நாள், ஐம்பது வருடம்: பத்துத் தமிழ் நாவல்களும் மதிப்பெண்ணும்

நாவலைக் கையில் எடுத்ததும் எத்தனை பக்கம் என்று கடைசித் தாளைப் புரட்டிப் பார்க்கிறோம். கதைக்குள் எவ்வளவு காலம் ஓடுகிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. வாசிப்பு எங்கே தடுக்கும், எங்கே இழுத்துக்கொண்டு போகும் என்பதைப் பக்கக் கணக்கைவிட இந்தக் காலக் கணக்கு நன்றாகச் சொல்லும். ஒரே நாளில் நடக்கும் கதை என்றால், அந்த ஆட்களின் பழைய கதையை எந்த வழியாக உள்ளே கொண்டுவருவது என்ற சிக்கல் ஆசிரியருக்கு இருக்கிறது. பாத்திரம் சும்மா உட்கார்ந்து பழசை நினைத்துக்கொண்டே இருந்தால் கதை அங்கேயே படுத்துவிடும். ஐம்பது வருடக் கதைக்கு நேர் எதிரான சிக்கல். எதை விட்டுவிடுவது என்று தெரியாவிட்டால் பிறப்பு, கல்யாணம், சாவு என்று பதிவேடு எழுத வேண்டியதாகிவிடும்.

அண்மையில் படித்த பத்து நாவல்களுக்கு இந்தக் கோணத்தில்தான் மதிப்பெண் போட்டிருக்கிறேன். மொத்தம் ஐந்து. ஐந்து என்றால் மறுபடி மறுபடி எடுக்கலாம். நான்கு என்றால் யாருக்கும் தயங்காமல் கொடுக்கலாம். மூன்று என்றால் ஒரு தடவை படிக்கலாம், அதுவும் களத்தில் ஆர்வம் இருந்தால். பேசப்படும் விஷயம் முக்கியமானது என்பதற்காக மதிப்பெண் கூட்டவில்லை, விருது வாங்கியது என்பதற்காகவும் கூட்டவில்லை. தொடக்கத்தில் நடப்பதைச் சொல்லியிருக்கிறேன். முடிவுகளை, தவிர்க்க முடியாத ஓரிடம் தவிர, சொல்லவில்லை.

வெக்கை, பூமணி, 1982. ஐந்துக்கு ஐந்து.

எட்டு நாள் கதை. பதினைந்து வயதுச் சிதம்பரம் வடக்குரானின் கையை வெட்டத்தான் அரிவாளை எடுத்துக்கொண்டு போகிறான். வெட்டு விலாவில் இறங்குகிறது, ஆள் செத்துப்போகிறான். நாவல் தொடங்குவதே இங்கேதான். பிறகு நடப்பதெல்லாம் அப்பனும் மகனும் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரிவது. யார் கொன்றது என்ற கேள்வி முதல் பக்கத்திலேயே தீர்ந்துவிட்டது. ஏன் கொன்றான் என்பது மட்டும் சொட்டுச் சொட்டாக வருகிறது.

இந்த எட்டு நாளைப் பூமணி எதைக்கொண்டு நிரப்புகிறார் என்று பாருங்கள். இன்றைக்கு எங்கே படுப்பது, தண்ணீர் எங்கே கிடைக்கும், எதைச் சமைப்பது, புகை தெரியாமல் அடுப்பு மூட்ட எந்த இடம் தோது, எந்தப் பாதையில் ஆள் நடமாட்டம் இல்லை, யார் மூலம் வீட்டுக்குச் சேதி அனுப்புவது. எல்லாமே பிழைப்பதற்கான வேலைகள். பகல் முழுக்க வெயிலுக்கு ஒதுங்கிக் கிடக்க வேண்டியிருப்பதால் அப்பனுக்கும் மகனுக்கும் பேசுவதைத் தவிர வேறு வழி இல்லை. அந்தப் பேச்சில்தான் அண்ணன் கொலையும் நிலத் தகராறும் அப்பனின் இளமைக்காலமும் துண்டு துண்டாக வருகின்றன. எந்த இடத்திலும் ஆசிரியர் நடுவில் புகுந்து தொகுத்துச் சொல்வதில்லை. பழைய கதைக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது: பயந்து கிடக்கும் பையனைத் தூங்க வைப்பதும், விடிந்ததும் எழுப்பி நடக்க வைப்பதும் அதுதான். ஆத்தா என்ன செய்துகொண்டிருப்பாள், தங்கச்சி சாப்பிட்டிருப்பாளா என்று சிதம்பரம் கேட்கும்போது, ஆளை வெட்டியவன் ஒரு சிறுபிள்ளை என்பது ஒவ்வொரு தடவையும் உறைக்கிறது.

தடுக்கும் இடங்கள் இரண்டு. கரிசல் பேச்சுக்குப் பழகாதவர்களுக்கு முதல் இருபது பக்கம் மெதுவாகத்தான் போகும். உரையாடலை வாய்விட்டுப் படித்தால் இந்தத் தடை போய்விடும், ஏனென்றால் அந்த வாக்கியங்களெல்லாம் காதுக்காக எழுதப்பட்டவை. இன்னொன்று, 2019இல் வந்த அசுரன் படத்தைப் பார்த்துவிட்டு வருபவர்களின் எதிர்பார்ப்பு. படத்தில் அப்பனின் முன்கதை பெரிதாக வளர்க்கப்பட்டது, சண்டைகளும் அதற்கேற்ப வளர்ந்தன. நாவலில் அந்த அளவு கிடையாது. இங்கே ரத்தம் முதல் சில பக்கங்களோடு பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. சண்டையை எதிர்பார்த்து வருபவர்களுக்குச் சோறு பொங்குவதைப் பற்றிய பக்கங்கள் அலுப்பாக இருக்கலாம். எனக்கு இந்த நாவலின் உயிரே அந்தப் பக்கங்கள்தான்.

நாளை மற்றுமொரு நாளே, ஜி. நாகராஜன், 1974. நான்கரை.

ஒரே நாள். கந்தன் என்ற ஒருவன் காலையில் எழுவதிலிருந்து இரவு வரை. அவன் மனைவி மீனா உடலை விற்றுப் பிழைக்கிறாள், மகன் வீட்டைவிட்டு ஓடிப்போனவன். ஊரின் பெயர் சொல்லப்படுவதில்லை.

பூமணி பேச்சின் வழியாகக் கொண்டுவருவதை நாகராஜன் கொடுக்கல் வாங்கல் வழியாகக் கொண்டுவருகிறார். கந்தன் ஒரு வேலையாக ஒருவனைப் பார்க்கப் போகிறான். அவனுக்கும் கந்தனுக்கும் பழைய பாக்கி ஒன்று இருக்கிறது. அந்தப் பாக்கியைச் சொல்லும் சாக்கில் இருவருடைய சரித்திரமும் அரைப் பக்கத்தில் முடிந்துவிடுகிறது. அடுத்த ஆள், அடுத்த தரகு. இந்த வேகத்தில் தமிழில் எழுதியவர்கள் மிகக் குறைவு. தன்னிரக்கம் ஒரு வரிகூட இல்லை. கந்தனைத் திருத்தவோ தண்டிக்கவோ ஆசிரியர் கை நீட்டவில்லை. மீனாவுக்குத் தனக்குப் பிறகு ஒரு பாதுகாப்பு வேண்டும் என்று அவன் ஏற்பாடு செய்யப் பார்க்கும் பகுதியில், அவன் பேசும் மொழி முழுக்க வியாபார மொழி. அதற்குள் எவ்வளவு பிரியம் இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கும் வேலையை நம்மிடமே விட்டுவிடுகிறார்.

அரை மதிப்பெண் குறைத்தது ஆள் நெரிசலுக்காக. சிறிய நாவலுக்குள் வந்து போகும் பெயர்கள் அதிகம். சிலர் ஒரு தடவை தலைகாட்டிவிட்டு மறுபடி வருவதே இல்லை. அரசியலும் சமூகமும் பேசும் சில உரையாடல்கள் அந்த ஆட்களின் வாயில் ஒட்டாமல், எழுதியவரின் கருத்தாகவே நிற்கின்றன. படிக்க நல்ல முறை ஒரே அமர்வு. இரண்டு மூன்று நாளுக்குப் பிரித்தால் பெயர்கள் நழுவும், ஒரு நாளின் களைப்பு என்ற உணர்வும் கிடைக்காது. விலைமகள் வாழ்க்கையை எழுதிய துணிச்சலுக்காக மட்டும் இதைப் புகழ்பவர்கள் வடிவத்தைக் கவனிப்பதில்லை. துணிச்சல் காலப்போக்கில் பழசாகிவிடும். இந்த நாவல் இன்னும் அப்படி ஆகவில்லை.

செல்லாத பணம், இமையம், 2018. நான்கு.

இன்ஜினியரிங் படித்த ரேவதி, ஆட்டோ ஓட்டும் ரவியைப் பிடிவாதமாகக் கல்யாணம் செய்துகொள்கிறாள். தலைமையாசிரியரான அப்பா நடேசனுக்கு அதில் சம்மதம் இல்லை. சில வருடங்கள் கழித்து அவள் உடம்பில் தீப்பற்றியது என்று சேதி வருகிறது. அதன்பின் நாவலின் பெரும்பகுதி புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில், தீக்காயப் பிரிவுக்கு வெளியே காத்திருப்பவர்களின் பேச்சில் நடக்கிறது.

கிட்டத்தட்ட முழுவதும் உரையாடல். இமையம் எடுத்த சரியான முடிவு இது. மருத்துவமனை வராந்தாவில் காத்திருப்பவர்களுக்குச் செய்ய ஒன்றும் இல்லை, பேச்சும் செல்போனும்தான் மிச்சம். தீக்காயம் பற்றி ஒரு விஷயம் தெரிந்திருந்தால் இந்த நாவல் இன்னும் ஆழமாக இறங்கும். உடம்பில் பெரும்பகுதி வெந்தவர்கள்கூட முதல் நாளில் தெளிவாகப் பேசுவது உண்டு. உடம்பின் நீர் வெளியேறுவதும், அடுத்து வரும் நாட்களில் கிருமித் தொற்றும்தான் உயிருக்கு ஆபத்து. எத்தனை சதவீதம் என்ற கேள்வி அங்கே ஏன் எல்லோர் வாயிலும் திரும்பத் திரும்ப வருகிறது, உறவினர்களின் நம்பிக்கை ஏன் ஏறி ஏறி இறங்குகிறது என்பதற்கு இதுதான் காரணம். அவளாக வைத்துக்கொண்டாளா, வேறு யாராவது வைத்தார்களா என்ற கேள்விக்கு ஒவ்வொருவரும் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். தன் குற்றத்தைக் குறைத்துக் காட்டும் பதிலையே ஒவ்வொருவரும் தேர்ந்தெடுக்கிறார்கள். அம்மா அமராவதி பேசும் இடங்களை நிறுத்தி நிறுத்தித்தான் படிக்க முடியும்.

குறை, திரும்பச் சொல்வது. ஒரே அங்கலாய்ப்பு நான்கைந்து பேர் வாயில் வருகிறது. துக்க வீட்டில் அப்படித்தான் பேசுவார்கள் என்று சொல்லலாம், உண்மைதான். ஆனால் நாவலில் அதற்கு விலை உண்டு. நடுப்பகுதியில் ஒரு பங்கை எடுத்துவிட்டிருந்தால் கடைசிப் பகுதி இன்னும் கூர்மையாக இருந்திருக்கும். 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. மனம் சோர்ந்திருக்கும் நேரத்தில் எடுக்க வேண்டாம்.

தண்ணீர், அசோகமித்திரன், 1973. நான்கரை.

தண்ணீர்ப் பஞ்சம் நீளும் சில மாதங்கள், சென்னையில் ஒரு தெரு. சினிமா ஆசையில் ஒருவனை நம்பி ஏமாந்துகொண்டிருக்கும் ஜமுனா, அவளைச் சகிக்க முடியாத தங்கை சாயா, பக்கத்தில் டீச்சரம்மா. குடத்தோடு அலைவது, குழாயில் காற்று வருவது, தெருவைத் தோண்டிப் போடுவது, குடிநீரில் சாக்கடை கலப்பது என்று எல்லாம் துல்லியம். ஜமுனாவிடம் டீச்சரம்மா தன் வாழ்க்கையைச் சொல்லும் அத்தியாயத்துக்காக மட்டுமே இதைப் படிக்கலாம். ஆறுதல் என்ற பெயரில் ஒரு பொய்கூடச் சொல்லாமல் ஒருத்தி இன்னொருத்தியை எழுப்பி நிறுத்துகிறாள். தண்ணீர் எதற்குக் குறியீடு என்று தேடிக்கொண்டே போனால் நாவல் கையைவிட்டு நழுவும். அது முதலில் குடத்தில் பிடிக்கும் தண்ணீர்தான். சாயாவின் பக்கத்தை இன்னும் கொஞ்சம் திறந்திருக்கலாம், அதற்காக அரை.

பதினெட்டாவது அட்சக்கோடு, அசோகமித்திரன், 1977. ஐந்து.

1947, 48 காலத்துச் செகந்திராபாத். அப்பா ரயில்வேயில் வேலை பார்க்கிறார். சந்திரசேகரன் கல்லூரியில் படிக்கிறான், சைக்கிளில் சுற்றுகிறான், கிரிக்கெட் ஆடுகிறான். இந்தியா சுதந்திரம் அடைந்துவிட்டது, அவன் ஊர் நிஜாமின் ஆட்சியில் அப்படியே இருக்கிறது.

இந்த நாவலைப் பாதியில் வைத்துவிடுபவர்கள் பெரும்பாலும் சொல்லும் காரணம், ஒன்றும் நடக்கவில்லை என்பது. பின்னணித் தேதிகள் கையில் இல்லாததால் வரும் சிக்கல் அது. நாவல் தேதி சொல்லிப் பாடம் நடத்தாது. படிப்பதற்கு முன் இவற்றை மனதில் வைத்துக்கொண்டால் போதும்: 1947 ஆகஸ்டில் ஹைதராபாத் இந்தியாவோடு சேரவில்லை. அந்த நவம்பர் 29இல் ஓராண்டுக்கு நிலைமையை அப்படியே வைத்திருக்க ஒப்பந்தம் ஆனது. 1948 ஜனவரி 30இல் காந்தி கொல்லப்பட்டார். காசிம் ரஜ்வியின் தலைமையில் ரஜாக்கர்கள் என்ற ஆயுதப் படை வளர்ந்தது. செப்டம்பர் 13இல் இந்திய ராணுவம் உள்ளே நுழைந்தது, ஐந்து நாளில் நிஜாமின் படை பணிந்தது. இந்தத் தேதிகளோடு வைத்துப் பார்த்தால், கிரிக்கெட் மைதானத்தில் யார் யாரோடு பேசுவதை நிறுத்துகிறார்கள் என்பதுகூடச் செய்தியாகிவிடுகிறது. பெரிய சரித்திரம் ஒரு பையனிடம் வதந்தியாகவும் கல்லூரிப் புறக்கணிப்பாகவும் பக்கத்து வீட்டாரின் முகமாறுதலாகவும்தான் வந்து சேர்கிறது. அதைவிட ஒரு அங்குலம்கூட அசோகமித்திரன் பெரிதாக்கவில்லை.

இன்னொரு குழப்பம், கதை ‘நான்’ என்று போய்க்கொண்டிருக்கும், திடீரென்று ‘அவன்’ என்று, ‘சந்திரசேகரன்’ என்று மாறும். அச்சுப்பிழை என்று நினைத்து விட்டுவிடக் கூடாது. மாறும் இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொண்டு ஒரு தடவை படித்துப் பாருங்கள். தன் ஆசைக்குள்ளும் கோபத்துக்குள்ளும் இருக்கும் பையன், தன்னையே விலகி நின்று பார்க்கும் பையன் என்று இருவர் தெரிவார்கள். கடைசிக் காட்சியில் அவன் ஓடும்போது இந்த இரண்டு பேரும் ஒன்றாகிவிடுகிறார்கள். அங்கே என்ன நடக்கிறது என்று சொல்லப்போவதில்லை. அதுவரை ஒன்றும் நடக்காததுபோல் எழுதப்பட்ட ஒவ்வொரு பக்கமும் அந்தக் காட்சியைத் தாங்கி நிற்கிறது என்பதை மட்டும் சொல்லலாம். அதைப் படித்த பிறகு வேறு புத்தகத்தை உடனே எடுக்க முடியாது.

புயலிலே ஒரு தோணி, ப. சிங்காரம், 1972. நான்கரை.

இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் சில வருடங்கள். சுமத்ரா தீவின் மேடான் நகருக்குள் ஜப்பான் படை நுழைவதில் தொடங்கி பினாங்கு, இந்திய தேசிய ராணுவம், போருக்குப் பிந்தைய இந்தோனேசியா என்று பாண்டியன் போய்க்கொண்டே இருக்கிறான். முதல் நாற்பது பக்கத்தில் தடுக்கி விழாதவர்கள் குறைவு. மலாய்ச் சொற்கள், டச்சுத் தெருப் பெயர்கள், செட்டியார் வட்டிக்கடைகளின் தொழில் சொற்கள் என்று எல்லாம் விளக்கம் இல்லாமல் கொட்டும். மார்க்கா என்றால் கடை அல்லது நிறுவனம். பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள், முதலாளி என்பது கீழிருந்து மேலே போகும் வரிசை. இவ்வளவு தெரிந்தால் கடைக்காட்சிகள் விளங்கிவிடும். மலாய்ச் சொற்களுக்கு அகராதி தேடி நிற்காமல் மேலே போய்விடுவது நல்லது, இரண்டு மூன்று தடவை வந்ததும் இடத்தை வைத்தே பொருள் தெரிந்துவிடும்.

போர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மதுரைத் தெருக்களும் சின்னமங்கலத்துச் சந்தையும் பாண்டியன் நினைவில் பீறிட்டு வரும். நிறுத்தக்குறிகூட இல்லாமல் பெயர்ப் பட்டியலாக, கூவலாக, வாசனையாக வரும் அந்தப் பகுதிகளைத் தாவிவிட்டுப் போகிறவர்கள் நாவலின் பாதியை இழக்கிறார்கள். பூமணியிடமும் நாகராஜனிடமும் பழைய காலம் ஒரு வேலையோடு வருகிறது என்றேன். இங்கே அது எந்த வேலையும் இல்லாமல், அழைக்காமல் வருகிறது. வெளிநாட்டில் கிடப்பவனுக்கு ஊர் அப்படித்தானே வரும். தலைப்புக்குரிய கடற்பயண அத்தியாயத்தில் வாக்கியங்களே அலையில் ஏறி இறங்குகின்றன. தமிழ் உரைநடையில் புயலை இதற்கு இணையாக வேறெங்கும் படித்ததில்லை. மதுக்கடை விவாதங்களில் தமிழ்ப் பழம்பெருமையைச் சிங்காரம் எடுத்துப் புரட்டிப் போடும் பகுதிகள் இன்றைக்கும் சுடுகின்றன, ஆனால் சில விவாதங்கள் அளவுக்கு மேல் நீள்கின்றன. பெண்கள் எல்லோரும் தூரத்திலேயே நின்றுவிடுகிறார்கள். இரண்டுக்கும் சேர்த்து அரை மதிப்பெண் குறைவு.

இனி நீண்ட காலக் கதைகள். இவற்றில் எது நின்றது, எது சரிந்தது என்று பார்த்தால் ஒரு காரணம் தெளிவாகத் தெரிகிறது. வருடங்கள் ஓடும்போது ஓடாமல் நிற்கும் ஒன்று வேண்டும். அது மரமாக இருக்கலாம், கடலாக இருக்கலாம். அது இல்லாத இடத்தில் வாசகருக்குப் பிடிமானம் இல்லை.

ஒரு புளியமரத்தின் கதை, சுந்தர ராமசாமி, 1966. நான்கரை.

நாற்சந்தியில் நிற்கும் ஒரு மரம். அது யாருக்கும் எதுவும் செய்வதில்லை. அதைச் சுற்றி மன்னராட்சி போகிறது, சுதந்திரம் வருகிறது, தோப்பு அழிந்து பூங்கா ஆகிறது, கடைகள் வருகின்றன, நகராட்சித் தேர்தல் வருகிறது. முற்பகுதியில் தாமோதர ஆசான் சொல்லும் கதைகள் இருக்கின்றன. மகாராஜா வருகிறார் என்பதற்காக ஒரு குளம் என்ன பாடுபட்டது என்பதைச் சொல்லும் பகுதி, கதை சொல்லும் கலைக்கே பாடமாக வைக்கலாம். ஆசான் எங்கே நிறுத்துகிறார், கேட்பவர்களை எப்படித் தவிக்கவிடுகிறார், வெற்றிலை போடும் இடைவெளியை எப்படிப் பயன்படுத்துகிறார் என்று பார்த்துப் படிக்க வேண்டும். ஆசான் மறைந்த பிறகு நாவலின் குரல் மாறுகிறது. தாமுவும் காதரும் மோதிக்கொள்ளும் வியாபார, தேர்தல் பகுதி புத்திசாலித்தனமானது, ஆனால் அதில் முற்பகுதியின் ருசி இல்லை. பாதியில் சோர்வடைபவர்கள் சோர்வடைவது இந்தத் திருப்பத்தில்தான். பொறுத்துப் போனால், மனிதர்களின் போட்டிக்கு ஒரு மரம் எப்படிப் பலியாகிறது என்பதை அங்குலம் அங்குலமாகப் பார்க்கலாம். மரத்தின் கதி தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது, அதனால் இதைச் சொன்னதில் பாதகமில்லை.

கோபல்ல கிராமம், கி. ராஜநாராயணன், 1976. நான்கு.

நகைக்காக ஒரு வழிப்பறிக்காரன் கர்ப்பிணிப் பெண்ணைத் தண்ணீரில் அமுக்கிக் கொல்கிறான். சாகும்போதும் அவள் அவனுடைய கால் விரலைப் பல்லால் கவ்விப் பிடித்துக்கொள்கிறாள். இப்படி ஒரு சம்பவத்தில் தொடங்கிவிட்டு, கி.ரா. அதிலிருந்து விலகி, அந்த ஊர் எப்படி உண்டானது என்ற கதைக்குள் போய்விடுகிறார். மங்கத்தாயாரம்மாள் என்ற நூறு வயதைத் தாண்டிய பாட்டி, தெலுங்கு தேசத்திலிருந்து முன்னோர் தப்பி வந்த கதையைச் சொல்கிறாள். காட்டை எரித்து நிலமாக்குவது, மாடு பிடிப்பது, தீவட்டிக் கொள்ளைக்காரர்களை எதிர்கொள்வது என்று கதைக்குள் கதையாகப் போகிறது.

கதாநாயகன் என்று யாரும் இல்லை. ஆளுக்கு ஓர் அத்தியாயம், ஒவ்வொருவருக்கும் ஒரு விநோதம். கதைப்போக்கு வேண்டும் என்பவர்கள் இங்கே திணறுவார்கள். வரிசையாகப் படிப்பதைவிட ஒரு நாளைக்கு இரண்டு அத்தியாயம் என்று வைத்துக்கொண்டால் கதை கேட்கும் உணர்வு கிடைக்கும். நான்கோடு நிறுத்தியதற்குக் காரணம், கொலையின் கதையும் குடியேற்றத்தின் கதையும் கடைசிவரை தனித்தனியாகவே நிற்பது. ஊர் எப்படி நியாயம் வழங்குகிறது என்ற இழை இரண்டையும் சேர்க்கப் பார்க்கிறது, போதுமான அளவு சேர்க்கவில்லை. வெள்ளைக்காரன் ஆட்சி ஊருக்குள் எட்டிப்பார்க்கும் கடைசிப் பகுதி அவசரமாக முடிகிறது. அதன் தொடர்ச்சியாகக் கோபல்லபுரத்து மக்கள் இருக்கிறது. 1991இல் சாகித்திய அகாதெமி விருது அதற்குக் கிடைத்தது, ஆனாலும் முதல் நாவலின் புதுமை அதில் குறைவு என்பது என் கருத்து.

ஆழிசூழ் உலகு, ஜோ டி குரூஸ், 2004. நான்கு.

ஆமந்துறை என்ற பரதவர் ஊர், 1933 முதல் 1985 வரை. ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட கதையைப் பிடித்து நிறுத்துவது கடல். புயலில் மாட்டிக்கொண்டு கட்டுமரத்தைப் பற்றியபடி மிதப்பவர்களின் சில நாட்கள் ஒருபுறம், அரை நூற்றாண்டு மறுபுறம். இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்கிறார். குறுங்காலக் கதையின் இறுக்கமும் நெடுங்காலக் கதையின் அகலமும் ஒரே புத்தகத்தில் கிடைப்பது இந்த அமைப்பினால்தான். மிதப்பவர்களிடம் திரும்பி வரும்போதெல்லாம் இன்னும் உயிரோடு இருக்கிறார்களா என்ற பதைப்பு புதிதாகத் தொற்றிக்கொள்கிறது.

சுறா வேட்டை, நீவாடு என்ற கடல் நீரோட்டம் பார்த்துக் கட்டுமரம் செலுத்துவது, காற்றின் பெயர்கள், மடி என்ற வலையின் வகைகள், கரையில் மீன் ஏலம் போகும் விதம் என்று தொழில் விவரம் கடலை அறிந்தவரின் கையால் எழுதப்பட்டது. பரதவர் பேச்சுதான் பெரிய தடை. கடற்கரைச் சொற்கள் ஐம்பது அறுபது பழகும்வரை வேகம் வராது. குடும்பப் பெயர்களும் குழப்பும். ஒரு துண்டுத்தாளில் எந்தத் தலைமுறை, யாருக்கு யார் மகன் என்று முதல் நூறு பக்கத்துக்குள்ளேயே குறித்து வைத்துக்கொண்டால் பிறகு திரும்பிப் பார்க்க வேண்டியிருக்காது. தொம்மந்திரை, கோத்ராப் பிள்ளை, காகு சாமியார் ஆகிய மூன்று பேரைப் பிடித்துக்கொண்டாலே ஊர் பிடிபட்டுவிடும். குறை என்றால், பாலுறவு விவகாரங்கள் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வருகின்றன. பெண் பாத்திரங்களில் பலர் அதற்காக மட்டுமே வந்துபோகிறார்கள் என்று தோன்றும் இடங்கள் உண்டு.

கொற்கை, ஜோ டி குரூஸ், 2009. மூன்று.

தூத்துக்குடித் துறைமுகத்தை மையமாக வைத்து கிட்டத்தட்ட ஒரு முழு நூற்றாண்டு, ஆயிரம் பக்கத்துக்கு மேல். பரதவர் தலைவரான பாண்டியபதியின் செல்வாக்கு தேய்வது, பாய்மரத் தோணி வியாபாரம் கைமாறுவது, புதிய வணிகர்கள் எழுவது எல்லாம் தமிழ் நாவலில் வேறெங்கும் இந்த விரிவில் கிடைக்காதவை. பிரச்சினை, ஆழிசூழ் உலகில் புயல் செய்த வேலையை இங்கே செய்ய ஒன்றும் இல்லை. வருடங்கள் நகர்கின்றன, ஆட்கள் வந்து இறங்குகிறார்கள், ஒரு ஆளோடு பழகி முடிப்பதற்குள் அவர் மகன் வந்துவிடுகிறார். நானூறாவது பக்கத்தில் யாரை நினைத்துக் கவலைப்படுவது என்றே தெரிவதில்லை. 2013இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற இந்த நாவலை, கடல் வணிகத்தின் ஆவணமாக எடுப்பவர்களுக்குத் தயங்காமல் கொடுப்பேன். தோணி கட்டுவது, சரக்கு ஏற்றுவது, கொழும்புப் போக்குவரத்து வரும் அத்தியாயங்களைத் தேர்ந்தெடுத்து படித்தாலே நிறையக் கிடைக்கும். ஜோ டி குரூஸைப் புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதை முதலில் எடுக்க வேண்டாம். ஆழிசூழ் உலகை முடித்து, அந்தப் பேச்சு காதில் பழகிய பிறகு இங்கே வந்தால் முதல் இருநூறு பக்கமாவது சிரமமில்லாமல் போகும்.